பொங்கி வழிந்த ஸ்டியரிங்

அம்மா,

இன்று காலை ஜீப்பின் பானெட்டைத் தூக்கி ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினேன். வலது கை எட்டவில்லை. இடது கையால்தான் திருகினேன். உள்ளே எண்ணெய் நல்ல சிவப்பாக இருந்தது. விரலில் தொட்டு முகர்ந்து பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தைப்பூசம் நெருங்கும்போது வருடா வருடம் இந்த மூடியைத் திறக்கிறேன், வருடா வருடம் உன் குரல் கேட்கிறது. "செவப்பாத்தான இருக்குது? வெள்ளையா இல்லையே?" என்று கேட்டுவிட்டு நீதான் முதலில் சிரிப்பாய்.

தனியாக நின்று சிரிப்பதை நம் நிட்டிங் யூனிட்டில் வேலை செய்யும் பீகார்க்காரர் பார்த்துவிட்டு, "மேடம்ஜி, டீக் ஹை?" என்று, நன்றாகத்தானே இருக்கிறேன் என்ற கவலையோடு கேட்டார். டீக் ஹை என்றேன். அந்தக் கதையை இந்தியில் சொல்லும் அளவுக்கு எனக்கு இந்தி வராது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

இந்த ஜீப் உனக்கு வந்த சீர். மூலனூரில் முருங்கைக்காய் வியாபாரம் செய்த உன் அப்பா, என் அப்புச்சி, தோட்டம் தோட்டமாகப் போய்க் காய் ஏற்றிவர ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும், ஆற்று மணலிலும் நிற்காது. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு என்ன வண்டி என்று பேசிக்கொண்டிருந்தபோது, "அவருக்கு எதுவும் வேண்டாமுங்க, எனக்கு ஜீப்பக் குடுங்க" என்று நீ உள்ளேயிருந்து சத்தம் போட்டாயாம். அப்பாவோ சைக்கிளுக்கு மேல் எதையும் தொடத் துணியாதவர். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை பெண்ணை அழைத்துப் போவதுதான் ஊர் வழக்கம். நம் வீட்டில் பெண் மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றி அழைத்து வந்தாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா, "நான் கண்ணை மூடிட்டுத்தான் வந்தேன்" என்பார்.

அந்த ஜீப்புக்கென்று புகுந்த வீட்டில் ஒரு வேலையும் அமைந்தது. பல்லடத்தைத் தாண்டி ஒரு கரட்டின், அந்தக் கல் குன்றின் மேல் இருக்கிற முருகனுக்கு, தறி நெய்த காலத்திலிருந்தே நம் பங்காளிகள் தைப்பூசத்தன்று அன்னதானம் செய்கிறார்கள். ஆட்கள் படியேறிப் போய்விடுவார்கள். அண்டா, அரிசி, விறகு, பால் கேன் எல்லாம் பின்பக்கத்துக் கல் தடத்தில் வண்டியில்தான் போக வேண்டும். முன்பு மாட்டு வண்டி பாதி வழி போகும், மீதி தலைச்சுமை. நீ வந்த வருடம் உச்சிவரை ஜீப்பை ஏற்றிக்காட்டினாய். அதிலிருந்து அது உன் வேலை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே அந்த வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். சக்கரம் கல்மேல் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டும். நம் சனங்கள் அதற்கு 'மாமியார் திருப்பம்' என்று பெயர் வைத்திருந்தார்கள், எந்தப் பக்கம் ஒடித்தாலும் குற்றம் என்பதால். நீ அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுப்பாய். வளையல் எல்லாம் முழங்கைக்கு ஏறிவிடும்.

பிறகு அந்தத் தீபாவளிச் சமயத்தில் உன் வலது தோள் பூட்டிக்கொண்டது. நான் அப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். நூல் வந்ததா, சாயம் சரியா, சரக்கு கப்பலுக்குப் போகுமா என்று நாளெல்லாம் போனில் கத்துகிற வேலை. காலையில் கத்தப் போவதற்கு முன் உனக்குத் தலை பின்னிவிட்டுப் போவேன். கை தோளுக்கு மேலே எழவில்லை உனக்கு. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் டாக்டர். "உறைஞ்சு போச்சாமா. நானென்ன ஐஸ் பொட்டியிலயா படுத்திருந்தேன்?" என்று நீ அவரிடமே கேட்டாய். சரியாக மாதக்கணக்காகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்றார் அவர்.

பழைய ஜீப்பின் ஸ்டியரிங் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நின்றிருக்கும்போது அதைத் திருப்புவதும் ஆட்டுக்கல்லைத் திருப்புவதும் ஒன்றுதான். ஒரு கையை வைத்துக்கொண்டு நீ வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுப்பதற்குள் வியர்த்துவிட்டாய். அதைப் பெரியப்பா பார்த்துவிட்டார். அப்பாவின் அண்ணன், கோயில் காரியத்துக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"அம்மிணி, இந்த வருசம் டிராக்டர் சொல்லிட்டேன். நீ கையப் பாத்துக்க. சரியானா அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நீயும் "ஆகட்டுமுங்க மாமா" என்று காப்பி கொடுத்து அனுப்பினாய்.

அவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினாய். "ஒரு வருசம் எறங்கிட்டா அப்புறம் யாரும் ஏறச் சொல்ல மாட்டாங்க கண்ணு. நாமளா கேட்டு ஏறுனா, பாவம் ஆசப்படறான்னு ஏத்துவாங்க. அது எனக்கு வேண்டாம்." உன் முகத்தைப் பார்த்து எனக்குத் துக்கமாகிவிட்டது. அந்தச் சீட் உனக்குச் சீராக வந்தது மட்டுமல்ல, நீயே பிடித்த இடம். அது கையை விட்டுப் போய்விடும் என்று நீ பயந்து பார்த்தது அன்றுதான்.

அடுத்த முறை டாக்டரிடம் என் கம்பெனிக் காரில் அழைத்துப் போனேன். நீ வழியெல்லாம் ரோட்டைப் பார்க்கவில்லை, டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாய். அவர் உள்ளங்கையை வைத்து வட்டம் போட்டுப் பார்க்கிங்கில் நுழைத்தார்.

"ஏங்கண்ணு, இதென்ன வெண்ணெயாட்ட வழுக்குது?"

"பவர் ஸ்டியரிங் மா. பம்ப் இருக்கும். எண்ணெயை அழுத்தித் தள்ளும். பாதி வேலையை அதுவே பார்த்துக்கும்."

"நம்ம ஜீப்புக்கு மாட்டு."

"அந்த ஜீப்புக்கா? கிழவிக்கு டீ-ஷர்ட் போட்டுவிடற மாதிரி இருக்கும் மா."

"போட்டா என்ன? ஊருக்கெல்லாம் டீ-ஷர்ட் போடத்தான நாம பாடுபடறோம்?"

வருடத்தில் ஒரு நாள் மலையேறுவதற்கு இத்தனை பாடா என்று நான் விடவில்லை. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு மட்டுமா? எங்கம்மாவுக்கும் இதே தோள் இப்பிடித்தான் பூட்டிக்கிச்சு. நாளைக்கு உனக்கும் வரும்" என்றாய். "வாயை வைக்காதே மா" என்று கத்தினேன். டிரைவர் சிரித்துவிட்டார்.

வேலையை எடுத்துச் செய்தது செல்வின். நம் யூனிட்டின் ஃபிட்டர், நாசரேத் பக்கத்துக்காரர். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்துவிடுவார். பொங்கலுக்கு மற்ற தெற்கத்தி ஆட்களெல்லாம் பஸ் ஏறியபின் யூனிட்டில் அவர் மட்டும் இருப்பார். "மிஷினுக்கு மிஷின் சொந்தக்காரம்லா அக்கா. ஒன்னும் பயப்படாதீக" என்றார். வட்டவட்டமாகச் சுற்றித் துணி நெய்கிற மிஷினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்டுகிறவருக்கு ஜீப் எம்மாத்திரம் என்று நாமும் நம்பினோம்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுக்க அலைந்து, அடிபட்ட ஒரு பெரிய வண்டியிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் பாக்ஸும் பம்பும் வாங்கி வந்தார். பொங்கல் விடுமுறை. மிஷின் சத்தமில்லாத யூனிட்டில் ஜீப் நடு வீட்டு மாப்பிள்ளைபோல வந்து நின்றது. புதிய பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸிஸுக்கு இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், இல்லையென்றால் கல் தடத்தில் விரிசல் விடும் என்றார் லேத் பட்டறைக்காரர். அந்தத் தகட்டுக்கு அளவு எடுக்க யாருக்கும் பிடிபடவில்லை. நான் ஏற்றுமதி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, பனியனுக்குப் பேட்டர்ன் வெட்டுகிற மாதிரி வெட்டிக்கொடுத்தேன். கழுத்து எங்கே, கை எங்கே என்று நீ கேலி செய்தாய். பம்பின் சக்கரமும் எஞ்சின் சக்கரமும் ஒரே நேரில் இருந்தால்தான் பெல்ட் கழலாமல் ஓடும். செல்வின் நூல் கோனிலிருந்து ஓர் இழையை உருவி இரண்டுக்கும் குறுக்கே இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பழைய ஸ்டியரிங் கம்பியை அறுத்துக் குட்டையாக்கி நடுவே ஒரு மூட்டு வைத்தார்கள். "என்ற தோளுக்கும் இப்பிடி ஒரு மூட்டு வெச்சுடு செல்வின்" என்றாய். எத்தனை சிரித்தோம் அம்மா அந்த நாட்களில். அப்பா கரும்பை நறுக்கிக்கொண்டு வந்து ஆளுக்குக் கொடுத்துவிட்டு, எட்ட நின்றே வேடிக்கை பார்ப்பார்.

எல்லாம் மாட்டியாயிற்று. எண்ணெய்தான் இல்லை. "செவப்பு ஆயிலுதான் ஊத்தணும்னு கடைக்காரன் சொன்னாம்லா அக்கா. கடையெல்லாம் பூட்டிக் கெடக்கு. ரெண்டு நாள் பொறுப்போம்" என்றார் செல்வின். உனக்கா பொறுமை? மூலையில் நின்ற பேரலைக் காட்டினாய். ஊசி ஆயில். நிட்டிங் மிஷினுக்குள் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்குகிற ஊசிகளுக்கு விடுகிற வெள்ளை எண்ணெய், தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும்.

"ராவும் பகலும் ஓடற மிஷினையே இதுதான் காப்பாத்துது. ஒரு ஸ்டியரிங்கக் காப்பாத்தாதா?" என்றாய்.

அந்த நியாயத்தை எதிர்த்துப் பேச அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் அருள்புரத்தில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கதவுக் கீல் முதல் தையல் மிஷின் வரை ஊசி ஆயில் விடாத பொருள் நம் ஊரில் உண்டா? ஊற்றினோம். எஞ்சினைப் போட்டாய். ஒற்றை விரலை ஸ்டியரிங்கில் வைத்துத் திருப்பினாய். முன்சக்கரம் நின்ற இடத்திலேயே கீச்சென்று திரும்பியது. அந்தக் கோடிக்குத் திருப்பினாய், இந்தக் கோடிக்குத் திருப்பினாய். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி ஹாரனை விடாமல் அடித்தாய். செல்வின் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போது எனக்குக் கண் கலங்கியது, சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை கரட்டுக்கு வெள்ளோட்டம். நீ, பக்கத்தில் அப்பா, பின்னால் நான். பாரத்துக்கு அரிசி மூட்டைகள். "என்னை எதுக்கு அம்மிணி?" என்று அப்பா கேட்டதற்கு, "அரிசி போதாதுங்க" என்றாய். ஃபோர் வீலைப் போட்டு, ஒற்றைக் கையால், பாட்டுப் பாடுகிற சுகத்தில் ஏறிக்கொண்டிருந்தாய். பாதித் தடம் தாண்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. ஏற ஏற அது கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஆனது. மாமியார் திருப்பத்தில் முன்சக்கரம் கல்மேல் ஏறி நின்றபோது, ஸ்டியரிங் உன் விரலுக்கு அசையவில்லை. கைக்கும் அசையவில்லை.

"ஏனுங்க, புடிங்க!"

அப்பா சுற்றிலும் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறாய் என்று. "உங்களத்தான்! ஸ்டியரிங்கப் புடிச்சுப் பாறைப் பக்கம் இழுங்க!" நான் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அப்பா, சைக்கிளுக்கு மேல் எதையும் தொடாத அப்பா, இடப்பக்கத்திலிருந்து சாய்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நீ இடது கையால் தள்ள, அவர் இழுக்க, ஜீப் முக்கி முனகிப் பாறையை ஒட்டித் திரும்பி, சமதளத்தில் போய் நின்றது.

அப்பா கையை எடுக்கவேயில்லை. முகமெல்லாம் வியர்வை. "ஒடிச்சுட்டமா அம்மிணி?" என்று கேட்டார்.

"ஒடிச்சுட்டமுங்க" என்றாய்.

பானெட்டைத் தூக்கினால், ஆயில் டப்பாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது, பால் பானை மாதிரி. பாறை, பள்ளம், வலிக்கிற தோள், நடுங்குகிற புருஷன் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நீ கையைத் தட்டினாய். "பொங்கலோ பொங்கல்!"

எனக்கு வந்த கோபமெல்லாம் அதோடு போயிற்று. மூன்று பேரும் கல்லில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் நீயே யோசித்துச் சொன்னாய்: "துணியில கறை புடிக்கக் கூடாதுன்னு, தண்ணியில அலசுனாப் போற மாதிரி செஞ்ச எண்ணெய் இது. பனியனுக்கு நல்லதுன்னா பம்புக்கு நல்லதா? என்ற புத்திய எங்க கொண்டுபோய் வெச்சேன்?" எஞ்சினை ஆறவிட்டதும் நுரை அடங்கி ஸ்டியரிங் மறுபடி இளகியது. நின்று நின்றுதான் இறங்கினோம்; செல்வினும் வண்டியில் இருந்ததாகவும், அடுத்த பூசத்துக்கும் மறக்காத வேகத்தில் பறந்து வந்ததாகவும் நீ பிற்பாடு எல்லோரிடமும் அளந்தாய். செல்வின் அந்தப் பக்கமே வரவில்லை என்பதை அவர் ஒருவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடை திறந்ததும் சிவப்பு எண்ணெய் வந்தது. செல்வின் பம்பைக் கழற்றி வெள்ளையை ஒரு சொட்டு விடாமல் வடித்து, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை ஒடித்துக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினார். அடுத்த வெள்ளோட்டத்தில் முனகல் இல்லை. பெரியப்பாவிடம் போய் டிராக்டரை வேண்டாமென்று சொல்லச் சொன்னாய். அப்பாதான் போனார். என்ன பேசினாரோ, "உன்ற புருசன் இவ்வளவு சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல அம்மிணி" என்று பெரியப்பா பிற்பாடு உன்னிடம் சொன்னார்.

பூசத்தன்று அவர் மாமியார் திருப்பத்தில் வந்து நின்றுகொண்டார், கீழே இரண்டு ஆட்களைக் கல்லோடு நிற்கவைத்துவிட்டு. அண்டாக்கள் கலகலக்க நீ ஏறி வந்தாய். "ஒடி! ஒடி! இன்னும் ஒடி!" என்று அவர் இரண்டு கையையும் சுழற்றினார். நீ வலது கையை விலாவோடு ஒட்டி வைத்து, கீழ் விளிம்பில் விரல்களால் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டே, இடது கையை வெளியே தெரிய உயர்த்தி அவருக்கு ஒரு கும்பிடு போட்டாய். சுழற்றிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது. மேலே வந்து அண்டா இறக்கும்போது, "அம்மிணி, சித்த எறங்கு, நானும் அந்த ஸ்டியரிங்க ஒருக்காத் திருப்பிப் பாக்கறேன்" என்றார். திருப்பிப் பார்த்தார், திருப்பிக்கொண்டே இருந்தார். வண்டிக்குப் போட வேண்டிய மாலையைப் பூசாரி கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

உன் தோள் அடுத்த ஆடிக்குள் இளகிவிட்டது. ஸ்டியரிங்கும் இளகியே இருந்தது. அதன் பிறகு வந்த பூசமெல்லாம் நீதான் ஏற்றினாய். ஒன்று மட்டும் எனக்குப் புரிந்ததில்லை. மாமியார் திருப்பம் வந்ததும் அப்பா கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். தேவையே இல்லை. ஒரு குழந்தை திருப்பலாம் அதை. உண்மையில் அவர் கை உனக்கு இடைஞ்சல். நீ ஒரு நாளும் எடுங்கள் என்று சொன்னதில்லை. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "இருக்கட்டும் கண்ணு. அந்தக் கை இல்லாம ஒடிச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்குது" என்றாய்.

நீ போன பிறகு நான் ஓட்டுகிறேன். இந்தக் கார்த்திகையிலிருந்து எனக்கு வலது தோள் எழவில்லை. உன் வாய் முகூர்த்தம். டாக்டர் அதே பெயரைச் சொன்னார். என் மகள் தலை பின்னிவிடுகிறாள். டிராக்டர் சொல்லிவிடலாமா என்று பெரியப்பா மகன் போனில் கேட்டான். நம்ம வண்டி இருக்குது, நானே வர்றேன் என்றேன்.

இன்று சாயங்காலம் வெள்ளோட்டம் போனோம், அப்பாவும் நானும். அவருக்கு இப்போது ஜீப்பில் ஏற ஒரு முக்காலி வேண்டும். பாரத்துக்கு அரிசி வைத்திருந்தேன், அவர் ஒன்றும் கேட்கவில்லை. தடம் முழுக்க வலது கையை உன்னைப் போலவே விலாவோடு வைத்துக்கொண்டு ஓட்டினேன். மாமியார் திருப்பத்தில் சக்கரம் கல்மேல் ஏறியது. ஸ்டியரிங் விரலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இருந்தும் பள்ளத்தைப் பார்த்ததும் தோள் சுண்டியது, எனக்குப் பயம் வந்தது அம்மா. அப்போது இடப்பக்கத்திலிருந்து அந்தக் கை வந்தது. நரம்பு புடைத்த, நடுங்குகிற கை. அது ஸ்டியரிங்கின் மேல் படிந்ததும் என் பயம் போய்விட்டது. நீ அன்று சொன்னது எனக்கு இன்றுதான் விளங்கியது.

வண்டி சமதளத்துக்கு வந்து நின்றது. அப்பா கையை எடுக்காமலே கேட்டார்.

"ஒடிச்சுட்டமா கண்ணு?"

"ஒடிச்சுட்டமுங்கப்பா."